நுரையீரல் ஸ்கேனில் ‘நாட்யூல்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விபத்துக்கோ, நெஞ்சுவலிக்கோ, அறுவை சிகிச்சைக்கு முந்திய பரிசோதனைக்கோ நெஞ்சு சி.டி. எடுக்கிறார்கள். போன காரியத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், ரிப்போர்ட்டின் கடைசியில் ‘5 மி.மீ. நாட்யூல், தொடர்ந்து கவனிக்கவும்’ என்று ஒரு வரி இருக்கிறது. கோவிட் காலத்தில் நெஞ்சு சி.டி. எடுத்த பலர் இந்த வரியை முதன்முதலாகப் பார்த்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தைராய்டு, அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பி) நாட்யூல்களைப் பற்றிக் கடைசியில் சுருக்கமாக இருக்கிறது.

நாட்யூல் என்றால் என்ன?

நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் சி.டி. படத்தில் அது கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்புக்குள் 3 செ.மீ. வரை அகலமுள்ள, ஏறக்குறைய உருண்டையான வெண்புள்ளி தெரிந்தால் அதற்கு நாட்யூல் என்று பெயர். 3 செ.மீ. தாண்டினால் ‘மாஸ்’ என்பார்கள். அதைக் காத்திருந்து பார்ப்பதில்லை, உடனே காரணம் தேடத் தொடங்குவார்கள்.

நாட்யூல் என்பது வடிவத்தையும் அளவையும் மட்டும் சொல்கிறது. எதனால் வந்தது என்பதற்கு அந்தச் சொல்லில் பதில் இல்லை. அளவை மனத்தில் நிறுத்திக்கொள்ள: மிளகு சுமார் 5 மி.மீ., கொண்டைக்கடலை 8 முதல் 10 மி.மீ. தற்செயலாகக் கண்ணில் படும் பெரும்பாலான நாட்யூல்கள் மிளகளவோ அதற்கும் குறைவோதான்.

எக்ஸ்ரேயில் தெரிந்ததாகச் சொன்னார்கள், சி.டி.யில் இல்லை என்கிறார்கள். எது சரி?

பெரும்பாலும் சி.டி.தான். எக்ஸ்ரே என்பது முதுகிலிருந்து நெஞ்சு வரை உள்ள எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் காட்டும் தட்டைப் படம். மார்பின் முலைக்காம்பு, பழைய விலா எலும்பு முறிவு ஆறிய இடம், தோலில் உள்ள மரு, சட்டைப் பொத்தான், தாயத்து, முன்னால் தொங்கும் சடைப்பின்னல் எல்லாமே நுரையீரலுக்குள் இருப்பது போல விழும். முலைக்காம்பு என்று சந்தேகம் வந்தால் அதன்மேல் சிறு உலோகக் குறி ஒட்டி இன்னொரு எக்ஸ்ரே எடுத்தால் தீர்ந்தது. பழைய எக்ஸ்ரே இருந்தால் முதலில் அதோடு ஒப்பிட வேண்டும். புதிதாக வந்தது என்றாலோ ஒப்பிட எதுவும் இல்லை என்றாலோ சி.டி. தேவை.

தலைகீழாகவும் நடக்கும். 1 செ.மீ.க்குக் கீழ் உள்ள நாட்யூல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். எனவே சி.டி.யில் கண்ட சிறு நாட்யூலை எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிக்க முடியாது. ‘எக்ஸ்ரே நார்மல், இனிக் கவலை இல்லை’ என்று இருந்துவிடாதீர்கள்.

எதனால் வருகிறது?

நம் நாட்டில் முதல் இடம் ஆறிய தொற்றுக்கு, குறிப்பாகக் காசநோய்க்கு. எப்போதோ உள்ளே போன கிருமியை உடல் சுற்றி வளைத்துக் கட்டிப்போட்ட இடம் ‘கிரானுலோமா’ என்ற தழும்பாக நிற்கும். தனக்குக் காசநோய் வந்ததே தெரியாதவர்களுக்கும் இது இருக்கும். அடுத்து, நுரையீரலுக்குள்ளேயே அமைந்த சின்ன நிணநீர் முடிச்சு. இது நுரையீரலின் மடல்களைப் (பெரும் பகுதிகளைப்) பிரிக்கும் சவ்வை ஒட்டி, முக்கோணமாகவோ நீள்வட்டமாகவோ, வழுவழுப்பான ஓரத்தோடு இருக்கும். இந்த அடையாளங்கள் பொருந்தினால் அதற்கு மறு ஸ்கேன் வேண்டியதில்லை.

ஹமர்ட்டோமா என்ற தீங்கற்ற கட்டி, பூஞ்சைத் தொற்று, முடக்குவாதத்தோடு வரும் நாட்யூல், கல் உடைக்கும் வேலையிலும் குவாரியிலும் இருந்தவர்களுக்கு மேல் மடல்களில் நிறைய வரும் சிலிக்கோசிஸ் நாட்யூல்கள் என்று பட்டியல் நீளும். ரத்தக் குழாய்கள் பிறவியிலேயே முறுக்கிக்கொண்டு நாட்யூல் போலத் தெரிவதும் உண்டு. அரிது என்றாலும் இதைத் திசு எடுக்க ஊசி போடுவதற்கு முன் கண்டுபிடித்தாக வேண்டும். குத்தினால் ரத்தம் கொட்டும்.

புற்றுநோய்ப் பக்கத்தில் மூன்று: நுரையீரலில் தொடங்கும் புற்று, வேறு உறுப்பிலிருந்து பரவி வந்தது, மெதுவாக வளரும் கார்சினாய்டு. 6 மி.மீ.க்குக் குறைந்த திடமான நாட்யூலில் புற்றுநோய்க்கான வாய்ப்பு 100-க்கு ஒன்றுக்கும் குறைவு. 6 முதல் 8 மி.மீ. வரை சுமார் அரை முதல் 2 சதவீதம். 8-ஐத் தாண்டியதும் வேகமாக ஏறும்.

ரிப்போர்ட்டில் உள்ள சொற்களை எப்படிப் படிப்பது?

‘சாலிட்’ என்றால் பின்னால் உள்ள ரத்தக் குழாய்களை மறைக்கும் அளவுக்கு அடர்த்தி. ‘கிரவுண்ட் கிளாஸ்’ என்றால் மூடுபனி போல மங்கலான வெண்மை, குழாய்கள் ஊடே தெரியும். ‘பார்ட் சாலிட்’ இரண்டும் கலந்தது. மங்கலுக்குள் ஒரு திடமான பகுதி இருக்கும். மறைந்துவிடாமல் நீடித்தால் மூன்றிலும் அதிகக் கவனம் கேட்பது பார்ட் சாலிட்தான்.

‘கால்சிஃபைட்’ என்றால் சுண்ணாம்பு படிந்தது. பெரும்பாலும் நல்ல செய்தி, ஆனால் படிந்த விதத்தைப் பார்க்க வேண்டும். முழுவதும் படிந்தது, நடுவில் மட்டும் படிந்தது, வளையம் வளையமாகப் படிந்தது, பாப்கார்ன் போலப் படிந்தது ஆகிய நான்கும் தீங்கற்றவை. ஓரத்தில் ஒருபக்கமாகவோ பொடிப்பொடியாகவோ படிந்திருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. உள்ளே கொழுப்பு தெரிந்தால் அநேகமாக ஹமர்ட்டோமா. எலும்புப் புற்று, பெருங்குடல் புற்று போன்றவை முன்பே இருந்தவர்களுக்கு இந்த ஆறுதல்கள் பொருந்தாது. அவற்றின் பரவலிலும் சுண்ணாம்பு படியும்.

‘ஸ்பிக்யுலேட்டட்’ என்றால் ஓரத்திலிருந்து முட்கள் நீட்டிக்கொண்டிருப்பது. இது சந்தேகத்தைக் கூட்டும் சொல். ஆனால் காசநோய்த் தழும்பும் சுற்றியுள்ள திசுவை இழுத்துப் பிடித்து இதே தோற்றத்தைத் தரும். மேல் மடலில் இருப்பதை மேலைநாட்டு நெறிமுறைகள் ஆபத்துக் காரணியாகக் கணக்கிடுகின்றன. இங்கே காசநோய்க்கும் விருப்பமான இடம் மேல் மடல்தான். அதனால் அந்த ஒரு அடையாளத்தை வைத்து எந்தப் பக்கமும் சாய முடியாது.

‘கிளினிக்கல் கோரிலேஷன்’ என்று முடித்திருந்தால், ‘நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்’ என்று பொருள். அதில் மறைபொருள் எதுவும் இல்லை.

அடுத்த ஸ்கேன் எப்போது?

உலகம் முழுவதும் பெரும்பாலான மருத்துவர்கள் பயன்படுத்துவது, நெஞ்சு ஸ்கேன் நிபுணர்களின் பன்னாட்டு அமைப்பான ஃப்ளைஷ்னர் சொசைட்டியின் 2017 நெறிமுறை. 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், புற்றுநோய் வரலாறு இல்லாதவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றாதவர்கள் ஆகியோருக்குத் தற்செயலாகத் தெரிந்த நாட்யூல்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

ஒரே ஒரு திடமான நாட்யூல் என்றால்:

- 6 மி.மீ.க்குக் கீழ்: ஆபத்து குறைந்தவருக்கு மறு ஸ்கேன் வேண்டாம். ஆபத்து கூடியவருக்கு, தேவை என்று மருத்துவர் கருதினால் 12 மாதத்தில் ஒன்று.
- 6 முதல் 8 மி.மீ.: 6–12 மாதத்தில் ஒன்று. பிறகு 18–24 மாதத்தில் இன்னொன்று; ஆபத்து குறைந்தவருக்கு இந்த இரண்டாவது கட்டாயம் அல்ல.
- 8 மி.மீ.க்கு மேல்: 3 மாதத்தில் சி.டி., அல்லது பெட் சி.டி. (விளக்கம் பின்னால்), அல்லது பயாப்ஸி (திசு எடுத்துப் பார்ப்பது). எது என்பது ஆளையும் தோற்றத்தையும் பொறுத்தது.

பல நாட்யூல்கள் இருந்தால், அவற்றில் அதிகச் சந்தேகத்துக்குரியதை வைத்து முடிவெடுப்பார்கள். 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் முதல் மறு ஸ்கேன் 3–6 மாதத்தில்.

கிரவுண்ட் கிளாஸ் 6 மி.மீ.க்குக் கீழ் ஒன்றுதான் என்றால் பொதுவாக விட்டுவிடலாம். 6 அல்லது அதற்கு மேல் என்றால் 6–12 மாதத்தில் பார்த்து, இன்னும் இருந்தால் 2 ஆண்டுக்கு ஒரு முறை என 5 ஆண்டுகள் வரை. பார்ட் சாலிட் 6 அல்லது அதற்கு மேல் என்றால் 3–6 மாதத்தில் முதல் ஸ்கேன். மாறாமல் இருந்து, உள்ளே உள்ள திடப்பகுதி 6 மி.மீ.க்குக் குறைவாகவே இருந்தால் ஆண்டுக்கொரு முறை 5 ஆண்டுகள். திடப்பகுதி 6-ஐ எட்டிவிட்டால் புற்றுநோய்ச் சந்தேகம் வலுக்கிறது.

மங்கலானவற்றுக்கு 5 ஆண்டு, திடமானவற்றுக்கு 2 ஆண்டு என்பது ஏன்? மங்கலாகத் தெரியும் புற்றுநோய் மிக மெதுவாக வளரும். 2 ஆண்டு மாறாமல் நின்றது என்பது திடமான நாட்யூலுக்கு நல்ல சான்று; கிரவுண்ட் கிளாஸுக்கு அது போதாது. 2 ஆண்டு பார்த்துவிட்டு ‘முடிந்தது’ என்று ஃபைலை மூடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

வயிற்று சி.டி.யில் நுரையீரலின் அடிப்பகுதி மட்டும் விழுந்து, அதில் 8 மி.மீ.க்கு மேற்பட்ட நாட்யூல் தெரிந்தால், முழு நெஞ்சு சி.டி.யைத் தள்ளிப்போடாமல் எடுக்க வேண்டும்.

ஆபத்து கூடியவர், குறைந்தவர் என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

வயது, புகை, குடும்பத்தில் நுரையீரல் புற்று, எம்ஃபிசிமா (நுரையீரலின் காற்றறைகள் சிதையும் நோய்), நுரையீரல் தழும்பு நோய், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை ஆகியவை ஆளைச் சேர்ந்தவை. அளவு, முள் ஓரம், மேல் மடல் ஆகியவை நாட்யூலைச் சேர்ந்தவை.

புகையைப் ‘பேக் இயர்’ கணக்கில் கேட்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்பதை 20-ஆல் வகுத்து, எத்தனை ஆண்டுகள் என்பதால் பெருக்க வேண்டும். நாளுக்கு 10 வீதம் 30 ஆண்டு பிடித்தவருக்கு 15 பேக் இயர். இங்கே 10 சிகரெட் பெட்டிதான் பரவலாகக் கிடைக்கிறது. ‘நாளைக்கு ஒரு பெட்டி’ என்று மட்டும் சொன்னால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். எண்ணிக்கையைச் சொல்லுங்கள். பீடியும் சேர்த்தி. நிறுத்தி எத்தனை ஆண்டாகிறது என்பதையும், விறகடுப்புப் புகையில் பல ஆண்டு சமைத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். புகைக்கவே இல்லை என்பதால் மட்டும் நாட்யூலை ஒதுக்கிவிடக் கூடாது. புகைக்காத பெண்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயை நம் மருத்துவமனைகள் வழக்கமாகவே பார்க்கின்றன.

புற்றுநோயாக இருந்தால், காத்திருந்தால் முற்றிவிடாதா? அடுத்த மாதமே எடுத்தால் என்ன?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. பதில் கணக்கில் இருக்கிறது.

திடமான நுரையீரல் புற்றின் கன அளவு இரட்டிப்பாகப் பொதுவாக 100 முதல் 400 நாள் ஆகும். 6 மி.மீ. நாட்யூல் ஒன்று 200 நாளில் இரட்டிக்கும் வேகத்தில் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 நாளில் அதன் அகலம் 6.2 மி.மீ. ஆகியிருக்கும். அந்த 0.2 மி.மீ. வித்தியாசத்தை எந்த ஸ்கேனும் நம்பகமாக அளக்காது. மூச்சை இழுத்த அளவு மாறினாலே அதைவிட அதிகம் மாறும். ஆகவே ஒரு மாதத்தில் எடுத்தால் ‘மாற்றம் இல்லை’ என்றுதான் வரும், உண்மையிலேயே புற்றாக இருந்தாலும். அது கதிர்வீச்சுச் செலவு மட்டும் அல்ல, பொய்யான நிம்மதியும் கூட. அதே நாட்யூல் 6 மாதத்தில் 7.4 மி.மீ. ஆகும், ஓராண்டில் 9 மி.மீ. ஆகும். அப்போது அளவுகோலுக்குள் பிடிபடும்; பெரும்பாலும் அறுவை சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய நிலையிலேயே இருக்கும்.

கன அளவு இரட்டிக்க அகலம் 26 சதவீதம் கூடினால் போதும் என்பதையும் நினைவில் வையுங்கள். 8 மி.மீ. 10 மி.மீ. ஆனால் ‘ரெண்டு மி.மீ.தானே’ என்று தோன்றும். உள்ளிருக்கும் கன அளவு ஏறக்குறைய இருமடங்கு.

தொற்று என்று சந்தேகம் வந்தால் மட்டும் காலக்கெடு குறையும். காய்ச்சல், சளியோடு வந்த நாட்யூலை, மருந்து முடிந்து 6 முதல் 12 வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள்.

காத்திருக்கவே கூடாத நிலை எது?

சளியில் ரத்தம், காரணமின்றி எடை குறைதல், வாரக்கணக்கில் நீடிக்கும் இருமல், குரல் கட்டிக்கொண்டு திறக்காமல் இருப்பது, கழுத்தில் நெறிகட்டுதல், மாலைக் காய்ச்சல். இவற்றில் ஏதாவது இருந்தால் மேலே சொன்ன கால அட்டவணை உங்களுக்கானது இல்லை. அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே ஏதாவது புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், கீமோ எடுப்பவர்கள் ஆகியோருக்கும் தனி வழி, 4 மி.மீ. நாட்யூலும் அவர்களுக்கு வேறு பொருள் தரலாம்.

மறு ஸ்கேனை எப்படி எடுக்கச் சொல்ல வேண்டும்?

சீட்டில் ‘சி.டி. செஸ்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தால், எழுதிய மருத்துவரிடமே மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று, கான்ட்ராஸ்ட் ஊசி (ரத்தக் குழாய்களைப் படத்தில் பளிச்சென்று காட்டும் மருந்து) வேண்டுமா. நாட்யூலின் அளவை ஒப்பிட மட்டும் என்றால் தேவையில்லை. ஊசி இல்லாவிட்டால் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனையும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். ரத்தக் குழாய் முறுக்கு என்ற சந்தேகமோ, நெஞ்சின் நடுவே உள்ள நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) பார்க்கும் தேவையோ இருந்தால் கதை வேறு.

இரண்டு, குறைந்த கதிர்வீச்சு முறையில் எடுக்க முடியுமா. வழக்கமான நெஞ்சு சி.டி.யில் சுமார் 5 முதல் 7 மில்லிசீவர்ட். குறைந்த கதிர்வீச்சு முறையில் சுமார் 1.5. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒருவருக்கு ஆண்டு முழுவதும் இயற்கையாகக் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4.

மூன்று, 1.5 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகளாகப் படம் சேமிக்கப்பட வேண்டும். 5 மி.மீ. தடிமன் வெட்டில் 4 மி.மீ. நாட்யூல் பக்கத்துக் காற்றோடு கலந்து மங்கிவிடும். திடமானது கிரவுண்ட் கிளாஸ் போலத் தெரியும், படிந்த சுண்ணாம்பு காணாமல் போகும்.

முடிந்தால் முதல் ஸ்கேன் எடுத்த அதே சென்டரில் எடுங்கள். உள்ளே போனதும் மூச்சை முழுதாக இழுத்துப் பிடியுங்கள். பாதியில் விட்டால் படம் ஆடி, அளவு மாறும்.

பழைய ஸ்கேன் எதற்கு? பழைய ரிப்போர்ட் இருக்கிறதே.

ரிப்போர்ட்டில் இருப்பது ஒருவர் ஒரு நாளில் வைத்த அளவு. இன்னொருவர் அதே படத்தை அளந்தால் 1 மி.மீ. கூடவோ குறையவோ வரலாம். ‘போன வருடம் 5, இப்போது 6’ என்று இரண்டு தாள்களை ஒப்பிட்டுப் பயந்தவர்களில் பலருக்கு, இரண்டு படங்களையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தால் மாற்றமே இருக்காது. நெட்டளவும் குறுக்களவும் சேர்த்துச் சராசரி எடுத்து, முழு மி.மீ.க்குத் திருத்தி எழுத வேண்டும் என்பது நெறிமுறை. 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடினால்தான் வளர்ந்ததாகக் கணக்கு.

எனவே ஃபிலிமைவிட, படங்கள் பதிந்த குறுந்தட்டு (டிஸ்க்) முக்கியம். ஃபிலிமில் சில படங்கள்தான் அச்சாகும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ‘டைகாம்’ கோப்புகள் (ஸ்கேனின் மூலப் படங்கள்) அடங்கிய குறுந்தட்டு அல்லது பென் டிரைவ். வாங்கிய அன்றே இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். எல்லா சென்டர்களும் பல ஆண்டு சேமித்து வைப்பதில்லை. ஃபிலிமைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை வைத்து யாரும் 1 மி.மீ. அளக்க முடியாது.

நெஞ்சு சி.டி. முன்பு எடுத்ததே இல்லை என்பவர்களும் யோசித்துப் பாருங்கள். சிறுநீரகக் கல்லுக்கு எடுத்த வயிற்று சி.டி., இதயத்துக்கு எடுத்த சி.டி. ஆஞ்சியோ, முதுகுத்தண்டு சி.டி. எதிலாவது நுரையீரலின் ஒரு பகுதி விழுந்திருக்கும். 3 ஆண்டுக்கு முந்திய வயிற்று சி.டி.யில் அதே திடமான நாட்யூல் அதே அளவில் இருந்தால், பெரும்பாலும் அத்தோடு பிரச்சினை முடிந்தது. இந்த ஒரு தேடல் பல பயாப்ஸிகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

பெட் சி.டி. எடுத்தால் தெரிந்துவிடாதா?

சர்க்கரை போன்ற ஒரு கதிரியக்க மருந்தை எந்தத் திசு அதிகம் உறிஞ்சுகிறது என்பதைத்தான் பெட் காட்டும். புற்றும் உறிஞ்சும், உயிரோடுள்ள காசநோயும் உறிஞ்சும், பூஞ்சையும் உறிஞ்சும். காசநோய் அதிகமுள்ள நாட்டில் ‘பெட் எரிகிறது, அதனால் புற்று’ என்று முடிவுகட்ட முடியாது. எதிர்ப்பக்கமும் ஏமாற்றும்: 8 மி.மீ.க்குக் குறைந்தவை, கிரவுண்ட் கிளாஸ், கார்சினாய்டு போன்றவை எரியாமலே இருக்கலாம். பெட் சி.டி. உண்மையில் பயன்படுவது, 8 மி.மீ.க்கு மேற்பட்ட திடமான நாட்யூலில் சந்தேகத்தின் அளவை எடைபோடவும், புற்று என்று தெரிந்தபின் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்கவும், எந்த இடத்தில் ஊசி போட்டால் பலன் என்று தேர்ந்தெடுக்கவும்.

எடுப்பதானால் 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். ரத்தச் சர்க்கரை 200 மி.கி.க்குக் கீழ் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் பல இடங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம், தசை உறிஞ்சிப் படத்தைக் கெடுக்கும்.

ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாதா?

சி.இ.ஏ. போன்ற ‘டியூமர் மார்க்கர்’ பரிசோதனைகள் நாட்யூலின் தன்மையைச் சொல்வதில்லை. புகைப்பவருக்குப் புற்று இல்லாமலே சி.இ.ஏ. கூடியிருக்கும், சிறிய புற்றில் நார்மலாகவே இருக்கும். தோலில் போடும் மாண்டூ பரிசோதனையும் உதவாது. காசநோய்க் கிருமி எப்போதோ உள்ளே போயிருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். நம் ஊரில் பெரியவர்களில் ஏராளமானோருக்கு அப்படித்தான். காசைச் சேமித்து வையுங்கள்.

‘முதலில் ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டுப் பார்ப்போம்’ என்கிறார்கள். சரிதானா?

சளியில் கிருமி தெரிந்தாலோ, ஜீன்எக்ஸ்பெர்ட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும்) பரிசோதனையில் வந்தாலோ, தயங்காமல் தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். எந்தச் சான்றும் இல்லாமல், நாட்யூலின் தோற்றத்தை மட்டும் வைத்து ‘சோதனைக்கு’த் தொடங்குவதுதான் பிரச்சினை. காசநோய்க் கட்டியாகவே இருந்தாலும் ஆறு மாதத்தில் அது சுருங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. மருந்துக்கு அடங்கிய பிறகும் தழும்பாக அப்படியே நிற்கும். சுருங்கவில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதபோது அந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை. புற்றாக இருந்தால் ஆறு மாதம் போய்விடும். இந்த மாத்திரைகளுக்குக் கல்லீரலைப் பாதிக்கும் குணமும் உண்டு. எதிர்த்தவறும் நடக்கிறது: திசுப் பரிசோதனை இல்லாமல் புற்று என்று நம்பி அறுத்தெடுத்தபின் காசநோய் என்று வருவது. சந்தேகம் உண்மையிலேயே இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், திசு எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

பயாப்ஸி எப்படி எடுக்கிறார்கள்? ஆபத்து என்ன?

நெஞ்சுச் சுவரை ஒட்டியுள்ள நாட்யூலுக்கு சி.டி. உதவியோடு வெளியிலிருந்து ஊசி. பெரிய மூச்சுக்குழாய்க்கு அருகில் என்றால் பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது). நெஞ்சின் நடு நெறிகளும் பெருத்திருந்தால் எண்டோபிராங்கியல் அல்ட்ராசவுண்ட் (மூச்சுக்குழாய்க்குள்ளிருந்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட்) வழியாக நெறியிலிருந்து எடுப்பது மேல். ஒரே முயற்சியில் நோயும் அதன் கட்டமும் தெரியும்.

சி.டி. ஊசிக்கு முன் ரத்த உறைவு (ஐ.என்.ஆர்.), பிளேட்லெட் பார்ப்பார்கள். ஐ.என்.ஆர். 1.5-க்குள், பிளேட்லெட் 50,000-க்கு மேல் என்பது பொதுவான எல்லை. ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் நிறுத்தக் கூடாது. தோலை மரக்கச் செய்து, படம் பார்த்துப் பார்த்து ஊசியைச் செலுத்துவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மூச்சைப் பிடிப்பதும் இருமாமல் இருப்பதும் உங்கள் பங்கு.

முக்கியச் சிக்கல், நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சறைக்குள் சேர்வது. ஏறக்குறைய 100 பேரில் 15 முதல் 25 பேருக்கு இது நேரும். பெரும்பாலோருக்குத் தானே சரியாகிவிடும். ஐந்தாறு பேருக்குக் குழாய் போட வேண்டிவரும். எம்ஃபிசிமா உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். முடிந்ததும் ஊசி போட்ட பக்கம் கீழாகப் படுக்கவைத்து, சில மணி நேரத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபின்தான் அனுப்புவார்கள். வீட்டுக்குப் போனபின் மூச்சுத்திணறலோ நெஞ்சுக்குத்தலோ வந்தால் காலை வரை பொறுக்காமல் திரும்ப வாருங்கள். காற்றுக் கசிவு ஆனவர்கள் மருத்துவர் சொல்லும்வரை விமானத்தில் ஏறக் கூடாது.

திசு எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: ‘காசநோய்க்கும் தனியாக அனுப்புகிறீர்களா?’ நோய்க்கூறு பரிசோதனைக்குப் போகும் துண்டு ஃபார்மலினில் போகும். அதில் விழுந்ததும் கிருமி செத்துவிடும். பிறகு கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனை நடக்காது. ஒரு துண்டையாவது நார்மல் சலைனில் போட்டு ஜீன்எக்ஸ்பெர்ட்டுக்கும் வளர்ப்புக்கும் அனுப்ப வேண்டும். எல்லாத் துண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டு, ‘கிரானுலோமா இருக்கிறது, காசநோயா பூஞ்சையா தெரியவில்லை’ என்று ரிசல்ட் வந்தபின் மறுபடி ஊசி போடுவது எளிதில் தவிர்க்கக்கூடியது.

‘புற்று செல்கள் இல்லை’ என்று வந்தால் நிம்மதிதானா?

என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். கிரானுலோமா, ஹமர்ட்டோமா என்று குறிப்பிட்ட நோயைச் சொன்னால் நம்பலாம். ‘அழற்சி செல்கள் மட்டும்’, ‘மாதிரி போதவில்லை’ என்று வந்தால் ஊசி இலக்கைத் தொடாமல் போயிருக்கலாம். முள் ஓரமும் வளர்ச்சியும் உள்ள நாட்யூலுக்கு இப்படி வந்தால் மறு பயாப்ஸியோ, நாட்யூலோடு நுரையீரலின் சிறு பகுதியை எடுக்கும் அறுவையோ அடுத்த படி.

நாட்யூலைக் கரைக்க மருந்தோ உணவோ உண்டா?

தழும்பு கரையாது, கரைய வேண்டிய அவசியமும் இல்லை. சில நாட்யூல்கள் தாமாக மறையும். அவை ஆறிக்கொண்டிருந்த தொற்று. மறையும் காலத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் பெருமை அதற்குப் போய்விடுகிறது.

எனக்கு ஒன்றும் இல்லை. முன்னெச்சரிக்கையாக ஒரு சி.டி. எடுத்துப் பார்க்கலாமா?

புகைக்காதவருக்கு வேண்டாம். அமெரிக்காவில் 53,454 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், கடும் புகைப்பழக்கம் உள்ள 55 முதல் 74 வயதினருக்கு ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. எடுத்ததால் நுரையீரல் புற்று மரணம் 20 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில், சந்தேகம் என்று வந்த ஸ்கேன் முடிவுகளில் 96 சதவீதம் புற்று இல்லை என்று முடிந்தது. பழைய காசநோய்த் தழும்புகள் நிறைந்த நாட்டில் இந்த வீண் அலைச்சல் கூடுவதற்கே வாய்ப்பு. 50 வயது கடந்து, 20 பேக் இயருக்கு மேல் புகைத்தவர் என்றால் நுரையீரல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். ‘முழு உடல் செக்கப் பேக்கேஜில் இலவசம்’ என்பது சி.டி. எடுக்கக் காரணம் ஆகாது.

அதே ரிப்போர்ட்டில் தைராய்டு நாட்யூல், அட்ரீனல் நாட்யூல் என்றும் இருக்கிறது. அவையும் இதோடு சேர்ந்தவையா?

பெரும்பாலும் இல்லை. நெஞ்சு சி.டி.யின் மேல் விளிம்பில் தைராய்டும் கீழ் விளிம்பில் அட்ரீனலும் சேர்ந்து விழுவதால் அங்கிருப்பவையும் தெரிந்துவிடுகின்றன.

தைராய்டு நாட்யூலை சி.டி.யில் எடைபோட முடியாது. 35 வயதுக்குக் குறைந்தவருக்கு 1 செ.மீ., மற்றவருக்கு 1.5 செ.மீ. எட்டினால் கழுத்து அல்ட்ராசவுண்டும், தைராய்டின் வேலையைக் காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் எடுப்பது வழக்கம். அல்ட்ராசவுண்டில் ‘டைரேட்ஸ்’ என்ற 1 முதல் 5 வரையான தரம் தருவார்கள். தரம் 5 என்றால் 1 செ.மீ.யிலும், 4 என்றால் 1.5 செ.மீ.யிலும், 3 என்றால் 2.5 செ.மீ.யிலும் ஊசிப் பரிசோதனை. பெட் சி.டி.யில் தைராய்டின் ஒரு புள்ளி மட்டும் எரிந்தால் அதை விடாமல் பார்க்க வேண்டும்.

அட்ரீனலில் 1 செ.மீ.க்குக் குறைந்தவற்றை, வேறு அறிகுறி இல்லாவிட்டால், பொதுவாக விட்டுவிடுவார்கள். கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு) அலகோ குறைவோ இருந்தால் அது தீங்கற்ற அடினோமா. ஆனாலும் அது ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறதா என்று பார்க்க, இரவு 1 மி.கி. டெக்சாமெதசோன் மாத்திரை கொடுத்து மறுநாள் காலை கார்ட்டிசால் அளக்கும் பரிசோதனை உண்டு. ரத்த அழுத்தமும் இருப்பவர்கள் ஆல்டோஸ்டீரோன் பரிசோதனையையும் கேளுங்கள்.